சிஎன்சிக்கு எந்தக் கம்ப்யூட்டர், எந்த மென்பொருள்?

கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கடை கடையாக ஏறி இறங்குவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: சிஎன்சிக்கு (கம்ப்யூட்டர் கட்டளைப்படி வெட்டும் மெஷின்) வேகமான கம்ப்யூட்டர் தேவையில்லை, நேரம் தவறாத கம்ப்யூட்டர்தான் தேவை.

1. முதலில் கணக்கு

ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப் (சிறு அடி) உள்ள மோட்டார், அதை ஓட்டும் டிரைவரில் 16 மைக்ரோஸ்டெப் (ஒரு ஸ்டெப்பை 16ஆகப் பிரிப்பது), ஒரு சுற்றில் 8 மி.மீ. நகர்த்தும் லீட் ஸ்க்ரூ (மரைத்தண்டு) என்று வைத்துக்கொள்வோம். 200ஐ 16ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தால், ஒரு மி.மீ.க்கு 400 பல்ஸ் (மோட்டாரை ஒரு மைக்ரோஸ்டெப் நகர்த்தும் மின் துடிப்பு). நிமிடத்துக்கு 1500 மி.மீ. வேகத்தில் ஓட்டினால் விநாடிக்கு 10,000 பல்ஸ், அதாவது 100 மைக்ரோசெக்கனுக்கு ஒன்று. சாதாரண விண்டோஸ் சில வேளை இதைவிடப் பல மடங்கு தாமதிக்கும். அப்போது மோட்டார் ஸ்டெப்பைத் தவறவிடும். மெஷினுக்கு அது தெரியாது. அதற்குப் பிறகு வெட்டுவதெல்லாம் விலகியே போகும்.

2. எந்த வழி?

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஜிஆர்பிஎல் என்ற மென்பொருள். பல்ஸ் போடுகிற வேலையை, அது ஓடுகிற ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கன்ட்ரோலர் போர்டே பார்த்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் யூஎஸ்பி வழியாக ஜி-கோட் (மெஷினுக்கான கட்டளை) வரிகளை அனுப்பினால் போதும். வீட்டில் கிடக்கும் பழைய லேப்டாப்பே தாராளம். மூன்று அச்சு ரவுட்டருக்கு (மரம் குடையும் மெஷின்) வேறெதுவும் வேண்டாம்.

நான்காவது அச்சு, லேத்தில் மரை வெட்டுவது என்று ஆசை இருந்தால், லினக்ஸில் ஓடும் லினக்ஸ்சிஎன்சி. இதில் கம்ப்யூட்டரே மெஷினை நேரடியாக ஓட்டும். அதனால் ரியல்-டைம் கெர்னல் (நேரம் தவறாமல் வேலை செய்யும் லினக்ஸ் உட்கரு) வேண்டும். பேரலல் போர்ட்டோ (பழைய பிரிண்டர் இணைப்பு) மேசா ஈதர்நெட் கார்டோ (பல்ஸைத் தானே போடும் கார்டு) வேண்டும். யூஎஸ்பி சரிவராது.

3. கடையிலேயே சோதியுங்கள்

லினக்ஸ்சிஎன்சிக்குப் பாவித்த ஆபீஸ் டெஸ்க்டாப் நல்லது. லேப்டாப்பைத் தவிருங்கள்; மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அது இடையிடையே செய்யும் வேலைகள் நேரத்தைக் குழப்பும். லினக்ஸ்சிஎன்சியைப் பென் டிரைவில் போட்டுக் கொண்டுபோங்கள். கடைக்காரரிடம் கேட்டு அதிலிருந்து பூட் செய்து, லேட்டன்சி டெஸ்டை (தாமதத்தை அளக்கும் சோதனை) ஓட விடுங்கள். சும்மா பார்த்துக்கொண்டு நிற்காமல் விண்டோக்களை இழுத்து, வீடியோ ஓட்டி, பெரிய ஃபைல்களைக் காப்பி பண்ணுங்கள். கால் மணி நேரத்துக்குப் பிறகும் அதிகபட்ச ஜிட்டர் (நேரப் பிசகு) 20,000 நானோசெக்கனுக்குள் நின்றால் பேரலல் போர்ட்டுக்கு அருமை. மேசா கார்டுக்கு 1,00,000 வரை போகலாம். கூடினால் உடனே கைவிடாதீர்கள். பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்) ஹைப்பர்த்ரெடிங்கையும் (ஒரு கோரை இரண்டாகப் பாவிப்பது) சி-ஸ்டேட்டையும் (பிராசசரின் மின்சிக்கனத் தூக்கம்) அணைத்துவிட்டு இன்னொரு தடவை பாருங்கள்.

4. மற்ற மென்பொருள்கள்

வரைவதற்கும் ஜி-கோட் எடுப்பதற்கும் ஃப்ரீகேட்; எழுத்து, பெயர்ப்பலகை வேலைக்கு இங்க்ஸ்கேப்; ஜிஆர்பிஎல்லுக்கு வரிகளை அனுப்ப யூனிவர்சல் ஜிகோட் செண்டர். எல்லாம் இலவசம். ஃப்ரீகேட்டில் போஸ்ட் புராசசரை (ஜி-கோட்டை எழுதித் தரும் பகுதி) உங்கள் கன்ட்ரோலருக்கு ஏற்றபடி மாற்ற மறக்காதீர்கள்.

5. அளந்து திருத்துங்கள்

ஜிஆர்பிஎல்லில் $100=400 (எக்ஸ் அச்சில் ஒரு மி.மீ.க்கு எத்தனை பல்ஸ் என்ற செட்டிங்) என்று கொடுத்து, எக்ஸ் அச்சை 100 மி.மீ. நகர்த்தி அளவுகோலால் அளந்து பாருங்கள். 98தான் நகர்ந்திருந்தால், 400ஐ 100ஆல் பெருக்கி 98ஆல் வகுத்து 408.16 என்று போடுங்கள். வொய்க்கு $101, இசட்டுக்கு $102.

அப்புறம் கட்டருக்குப் பதிலாக ஒரு பேனையைக் கட்டி, தாளில் 100 மி.மீ. சதுரம் கீறச் செய்யுங்கள். மூலைவிட்டம் இரண்டும் 141.4 மி.மீ. வந்தால் மரத்தை ஏற்றலாம். ஒன்று நீண்டு மற்றது குறுகினால் கோளாறு மென்பொருளில் இல்லை. சட்டம் கோணலாக நிற்கிறது, போல்ட்டைத் தளர்த்தி மூலைமட்டம் வைத்துப் பாருங்கள்.