வார்ப்படத் தொழிற்சாலையில் காயங்களைக் குறைக்க: உடல்தகுதிப் பரிசோதனையையும் நலத்திட்டத்தையும் அமைக்கும் முறை

கோவைப் பகுதியின் சிறு ஃபவுண்டரிகளில் (உலோகத்தை உருக்கி அச்சில் வார்க்கும் ஆலைகளில்) புதிதாகச் சேரும் தொழிலாளிக்கு நடக்கும் மருத்துவப் பரிசோதனை பெரும்பாலும் உயரம், எடை, ரத்த அழுத்தம், ரத்த வகை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு ஒரு கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது. ஆய்வுக்கு வரும் அலுவலரிடம் காட்ட அந்தத் தாள் போதும். ஆனால் தரையில் குவிந்துகிடக்கும் வார்ப்புகளை நாள் முழுவதும் தூக்கிக் கிரைண்டிங் மேசையில் வைக்க அந்தத் தொழிலாளியின் இடுப்பும் தோளும் இடங்கொடுக்குமா என்பதை அது சொல்லாது. ஐம்பது முதல் இருநூறு பேர் வரை வேலை செய்யும் ஓர் ஆலையில் இதை உருப்படியாகச் செய்யும் வழி கீழே தரப்பட்டுள்ளது.

முதலில் பரிசோதிக்க வேண்டியது வேலையை. ஒரு டேப்பையும் எடைத்தராசையும் எடுத்துக்கொண்டு வார்ப்புகளின் பிசிறுகளை நீக்கிச் சுத்தம் செய்யும் ஃபெட்லிங் பகுதிக்குச் சென்று, வார்ப்பின் எடை, அது எந்த உயரத்திலிருந்து எடுக்கப்படுகிறது, எந்த உயரத்தில் வைக்கப்படுகிறது, தூக்கும்போது பொருள் உடலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை, இடுப்பைத் திருப்ப வேண்டியிருக்கிறதா என்பவற்றை அளந்து எழுதுங்கள். சூப்பர்வைசரைக் கேட்டு எழுதினால் கணக்கு பெரும்பாலும் குறைவாகவே வரும்; நின்று பார்த்துத்தான் எழுத வேண்டும்.

இந்த அளவுகளை வைத்துக் கணக்கிட, அமெரிக்க அரசின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் (NIOSH) 1990களில் வெளியிட்ட தூக்குதல் சமன்பாடு உதவும். எல்லாச் சூழலும் சாதகமாக இருக்கும்போது, அதாவது பொருள் உடலிலிருந்து 25 செ.மீ. தூரத்திலும் தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்திலும் இருக்கும்போது, அது பரிந்துரைக்கும் உச்ச எடை 23 கிலோ. அதே பொருளை 50 செ.மீ. தள்ளி நின்று எட்டி எடுத்தால் வரம்பு பாதியாகி 11.5 கிலோவாகிறது. தரையிலிருந்து குனிந்தும் எடுக்க வேண்டுமென்றால் ஏறத்தாழ 9 கிலோ. அடிக்கடி தூக்குவதையும் இடுப்பைத் திருப்புவதையும் சேர்த்தால் இன்னும் இறங்கும். நீங்கள் வார்க்கும் பம்ப் உறை 25 கிலோ இருக்குமானால், எந்த உடல்தகுதித் தேர்வில் தேறியவரும் அந்த இடத்தில் நெடுநாள் தாங்க மாட்டார். அங்கே முதல் செலவு வார்ப்புகளை இடுப்பளவில் அடுக்கும் ஸ்டாண்டுக்கும் பளுவைத் தூக்கும் ஒரு சிறு ஹாயிஸ்டுக்கும் போக வேண்டும். இதைச் செய்யாமல் நடத்தும் பரிசோதனை, பழுதான வேலைக்குப் பொருந்தும் ஆளைத் தேடுவதாகவே முடியும்.

வேலையைத் திருத்திய பிறகு எஞ்சி நிற்கும் பளுவுக்குத்தான் தகுதித் தேர்வு. அதை வேலையைப் போலவே அமைக்க வேண்டும்: அதே எடை, அதே உயரம், அதே நடைதூரம். ஆளை வேலைக்கு எடுப்பதென முடிவான பின்னரே தேர்வு வைப்பதும், ஒரே வேலைக்கு வரும் அனைவருக்கும் ஒரே தேர்வையும் ஒரே தேர்ச்சி அளவையும் வைப்பதும் நியாயம். அந்த அளவு வேலை கேட்பதைத் தாண்டக் கூடாது. ஆலையிலேயே பலசாலியான லோடுமேன் தூக்குவதை அளவுகோலாக்கினால் நல்ல தொழிலாளர்களை இழப்பீர்கள். தேர்வுக்கு முன் நெஞ்சுவலி, வலிப்பு, குடலிறக்கம், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை ஆகியவற்றைக் கேட்டு, நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்து, குறைந்த எடையில் தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டும். வலியோ தலைசுற்றலோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். நடத்துபவர் தொழில்சார் நலவியலில் ஏ.எஃப்.ஐ.ஹெச். (AFIH) என்ற பயிற்சிச் சான்று பெற்ற மருத்துவராகவோ, அவரது மேற்பார்வையில் பணிபுரியும் பிசியோதெரபிஸ்ட்டாகவோ இருப்பது நல்லது.

சில பரிசோதனைகள் வேண்டவே வேண்டாம். வலியில்லாத ஆளின் இடுப்பை எக்ஸ்ரே எடுத்தால், அவருக்கு நாளை முதுகுவலி வருமா என்பதை அது சொல்லாது. எச்.ஐ.வி. பரிசோதனையை வேலைக்கான நிபந்தனையாக்குவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. எல்லாருக்கும் இடுப்புப் பட்டை வாங்கிக் கொடுப்பதும் பரிசோதனைக்கு மாற்றாகாது. காயமில்லாதவர்கள் அதை அணிவதை நியோஷ் பரிந்துரைக்கவில்லை. முதுகை வளைக்காமல் தூக்குங்கள் என்று ஒரு மணி நேரம் வகுப்பு எடுப்பதும் தனியாக நின்று பெரிய பலன் தருவதில்லை. செலவு குறைவு என்பதாலோ என்னவோ, பலரும் முதலில் கைவைப்பது இந்த இரண்டில்தான்.

அடுத்தது, பகுதிக்கேற்ற பரிசோதனைகள். கிரைண்டிங், ஷாட் பிளாஸ்டிங் (சிறு உலோகக் குண்டுகளை வேகமாக வீசி வார்ப்பைச் சுத்தம் செய்வது) செய்பவர்களுக்குச் செவித்திறன் சோதனையை வேலையில் சேரும் நாளிலேயே எடுத்து வைக்க வேண்டும். அதற்கு முன் 14 மணி நேரம் காது பேரிரைச்சலுக்கு உட்படாமல் இருந்திருக்க வேண்டும். ஷிப்ட் முடிந்த கையோடு சோதனை வேனுக்குள் ஏற்றி எடுக்கும் சோதனை, தற்காலிக மந்தத்தையும் நிரந்தர இழப்பையும் கலந்து காட்டும். இரைச்சலால் வரும் இழப்பு பெரும்பாலும் சோதனை வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த சுருதிக்கு அருகே ஒரு பள்ளமாகத் தொடங்குகிறது. பேச்சு நன்றாகவே கேட்பதால் தொழிலாளிக்கு அது தெரிவதில்லை. அடுத்த ஆண்டுச் சோதனையை அவருடைய முதல் சோதனையோடு ஒப்பிட்டு, 2000, 3000, 4000 ஹெர்ட்ஸ்களில் செவித்திறன் சராசரியாக 10 டெசிபெல் சரிந்திருந்தால், காதடைப்பான் சரியாகப் பொருந்துகிறதா, இரைச்சலை இயந்திரத்திலேயே குறைக்க முடியுமா என்று உடனே பார்க்க வேண்டும். மணலோடு புழங்குபவர்களுக்கு மார்பு எக்ஸ்ரேயும், ஊதவைத்து மூச்சுத்திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரியும் தேவை. ஆனால் மணல் தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் எக்ஸ்ரேயில் தெரியும் நேரத்தில் நுரையீரலில் தழும்பு விழுந்துவிட்டிருக்கும். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. ஆகவே தூசி உறிஞ்சியைப் பழுதாகக் கிடக்கவிட்டு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருப்பதில் பொருளில்லை. கிரேன் இயக்குபவர்களுக்குத் தூரப் பார்வை, நிறப் பார்வை. உயரத்தில் ஏறுபவர்களுக்கு வலிப்பு, தலைசுற்றல் குறித்த விசாரணை.

சட்டத்தின் நிலையையும் அறிந்திருக்க வேண்டும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் முதல் அட்டவணை ஃபவுண்டரிகளை அபாயகரமான செயல்முறைகளில் சேர்த்தது. அதன் 41சி பிரிவு, அபாயப் பொருளோடு வேலையில் அமர்த்தும் முன்பும், பின்னர் 12 மாதத்துக்கு மிகாத இடைவெளியிலும், அந்த வேலையை விட்ட பிறகுங்கூடப் பரிசோதனை வேண்டும் என்றது. 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும், குறிப்பிட்ட வகைத் தொழிலாளர்களுக்கு இலவச ஆண்டுப் பரிசோதனைக்கு வழிசெய்யப்பட்டிருக்கிறது.

உலைப் பகுதியில் வெப்பத்துக்குப் பழக்குவதையும் நலத்திட்டத்தின் பகுதியாகவே கொள்ளுங்கள். புதியவருக்கு முதல் நாள் வெப்பத்தில் வேலை வழக்கமான நேரத்தில் 20 விழுக்காடு மட்டும், பிறகு நாளுக்கு 20 விழுக்காடு கூட்டுவது என்பது நியோஷ் விதி. பழைய ஆட்கள் ஒரு வாரத்துக்கு மேல் விடுப்பில் இருந்து திரும்பினால், முதல் நான்கு நாட்களுக்கு 50, 60, 80, 100 விழுக்காடு என்ற ஏற்றம். தீபாவளி, சத் பூஜை முடிந்து ஊரிலிருந்து திரும்பும் பிகார் தொழிலாளியை இரண்டு நாள் ரயில் பயணக் களைப்போடு நேராக உலைமுன் நிறுத்துவது இந்த ஊரில் சாதாரணமாக நடக்கிறது. அதை முதலில் நிறுத்த வேண்டும்.

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் தனிக் கவனம் பெற வேண்டியவை. சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு இரவு ஷிப்டில் சாப்பாட்டைத் தள்ளிப்போடுபவருக்குச் சர்க்கரை திடீரென இறங்கினால், உருகிய உலோகத்தை ஏந்தும் லேடிலின் அருகே நிற்கும்போது அது பேராபத்து. உணவு இடைவேளையை நேரம் தவறாமல் விடுவதே இங்கே மருத்துவம். தமிழக அரசு 2024இல் தொடங்கிய ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பணியிடத்திலேயே இவற்றுக்குப் பரிசோதனை செய்யப்படுகிறது. வட்டார மருத்துவ அலுவலரை அணுகிக் கேட்டுப் பாருங்கள்.

இத்தனையும் தொழிலாளி உண்மை சொன்னால்தான் பயன்படும். நோயைச் சொன்னால் ஓவர்டைம் போகும், ஒருவேளை வேலையே போகும் என்று தெரிந்தவர் சொல்ல மாட்டார். ஆகவே மருத்துவ விவரம் மருத்துவரிடமே இருக்கட்டும், ஹெச்.ஆர். பிரிவுக்கு “தகுதி”, “கட்டுப்பாட்டுடன் தகுதி”, “தற்காலிகமாகத் தகுதியில்லை” என்ற மூன்றில் ஒன்று மட்டும் போகட்டும். இலகு வேலைக்கு மாற்றப்படுபவரின் அடிப்படைக் கூலி குறையாது என்பதை நோட்டீஸ் பலகையில் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி ஒட்டுங்கள். அறிக்கையின் நகலை அவரிடமே கொடுத்து, அதில் என்ன இருக்கிறதென்று அவருக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள். காண்ட்ராக்ட் ஆட்களை விட்டுவிடாதீர்கள். கனமான வேலை அவர்கள் தலையில்தான் விழுகிறது.

முதலுதவிப் பெட்டிக்கு அருகே ஒரு நோட்டு வைத்து, காயம் மட்டுமின்றி வலி, மரத்துப்போதல், கை விறைப்பு ஆகியவற்றையும் எழுதச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை அதை ஆள்வாரியாக அல்லாமல் இடவாரியாகப் படிக்க வேண்டும். ஒரே கிரைண்டரில் மாறிமாறி நின்ற மூன்று பேருக்கும் வலது தோளில் வலி என்றால், டேப்போடு அந்த மேசைக்குப் போங்கள். வார்ப்பின் எடையோ இயந்திரமோ மாறிய ஒவ்வொரு முறையும் பழைய தேர்ச்சி அளவைக் கைவிட்டு, மீண்டும் அளந்து புதிதாக எழுத வேண்டும்.