ஞாயிறு வாசகங்களை நற்செய்தியிலிருந்து தொடங்குங்கள்

ஞாயிறு திருப்பலி வாசகங்களைச் சனிக்கிழமை இரவே வீட்டில் தியானிப்பவர்கள், நற்செய்தியை முதலில் வாசித்துவிட்டு அதன் பிறகே முதல் வாசகத்திற்கும் பதிலுரைப் பாடலுக்கும் வந்தால், அன்றைய மையக் கருத்தைத் தேடும் நேரம் பெரிதும் குறையும். கத்தோலிக்க வாசக நூலில் பொதுக்கால (திருவருகை, தவம், பாஸ்கா போன்ற சிறப்புக் காலங்கள் அல்லாத) ஞாயிறுகளின் முதல் வாசகம், நற்செய்திக்குப் பொருந்துமாறு பெரும்பாலும் பழைய ஏற்பாட்டிலிருந்து தெரிவு செய்யப்பட்டுள்ளது; பதிலுரைப் பாடலோ அந்த முதல் வாசகத்திற்கான மறுமொழி. எடுத்துக்காட்டாக, ஞாயிறு வாசகங்களின் மூவாண்டுச் சுழற்சியில் மூன்றாம் ஆண்டின் பொதுக்காலம் 28ஆம் ஞாயிறன்று, குணமடைந்த தொழுநோயாளர் பத்துப் பேருள் சமாரியர் ஒருவர் மட்டும் நன்றி சொல்லத் திரும்பி வந்ததை லூக்கா 17இல் வாசித்த பின் 2 அரசர் 5க்குச் சென்றால், தொழுநோய் நீங்கிய சிரியப் படைத்தலைவர் நாமானும் இறைவாக்கினர் எலிசாவிடம் திரும்பி வந்தது உடனே கண்ணில் படும். அந்தத் 'திரும்பி வருதலே' அன்றைய செபத்திற்குப் போதுமானது.

இரண்டாம் வாசகத்தை இதில் வலிந்து இணைக்க வேண்டாம். பொதுக்காலத்தில் அது புதிய ஏற்பாட்டுக் கடிதங்களான திருமுகங்களின் தனித் தொடராகவே செல்கிறது. பொதுக்கால வார நாள்களுக்கும் இம்முறை உதவாது: அங்கே முதல் வாசகம் 2 ஆண்டுச் சுழற்சியிலும் நற்செய்தி ஓராண்டுச் சுழற்சியிலும் வருவதால், இரண்டும் ஒத்துப்போவது பெரும்பாலும் தற்செயலே. உயிர்ப்பு ஞாயிறைத் தொடரும் பாஸ்கா காலத்தில் முதல் வாசகம் திருத்தூதர் பணிகள் நூலிலிருந்து வருவதால், அப்போது வழக்கமான வரிசையே நல்லது.