டேஷ்போர்டு பாலிஷ்: டெல்டா வெயிலுக்கும் நெல் தூசிக்கும் எதை வாங்கலாம், எங்கே பூசலாம்?

தை மாத அறுவடை நேரத்தில் மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் காரை ஒரு பகல் முழுக்க வெளியே நிறுத்தினால் போதும். கதவைத் திறந்து மூடுவதிலேயே உள்ளே தூசி வந்துவிடும். உமித்தூசி, சுனை, வைக்கோல் பொடி எல்லாம் சேர்ந்து டேஷ்போர்டில் மஞ்சள் படலமாக உட்கார்ந்திருக்கும். டேஷ்போர்டு உலர்வாக இருந்தால் பிரஷ்ஷால் தட்டியதும் போய்விடும். வாட்டர் வாஷ் கடையில் பளபளவென்று பாலிஷ் போட்டுக் கொடுத்த வண்டியென்றால், அந்தத் தூசி எண்ணெயில் ஊறிப் பிசுக்காகி, ஏசி துவார இடுக்குகளிலும் தையல் ஓரங்களிலும் அப்பிக்கொள்ளும். அப்புறம் அதை எடுப்பது பெரும்பாடு.

அதனால் புதிதாக வண்டி வாங்கியவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: மினுமினுப்பைப் பார்த்துப் பாலிஷ் வாங்காதீர்கள். பூசியதே தெரியாமல் இருப்பதுதான் நல்ல பாலிஷ்.

முதல் வேலை: எது என்ன பொருள் என்று பார்ப்பது

பெரும்பாலான டேஷ்போர்டுகள் கெட்டிப் பிளாஸ்டிக். சில வண்டிகளில் மேலே மெத்தென்று பிவிசி தோல் போர்த்தியிருக்கும். பிவிசியை வளையும் பதத்தில் வைத்திருக்க அதில் ஒரு மென்மையாக்கி கலந்திருப்பார்கள். வெயிலில் அது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி வெளியேறும். முன்கண்ணாடியின் உட்பக்கம் புகை படிந்ததுபோல் ஒரு மங்கல் வருகிறதே, அதில் இதற்கும் பங்கு உண்டு. மென்மையாக்கி போகப் போகத் தோல் இறுகி வெடிக்கும்.

சீட் விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். விளம்பரத்தில் லெதரெட் என்று போட்டிருந்தால் அது நம்மூர் ரெக்ஸின்தான், தோல் அல்ல. அதற்கு லெதர் கண்டிஷனர் வாங்கித் தடவுவது காசுக்குக் கேடு, உள்ளே இறங்கவே இறங்காது. துணி சீட் என்றால் பாலிஷ் பக்கமே போக வேண்டாம்.

பாட்டிலைப் படிப்பது

கடையில் கிடைப்பவை ஏறக்குறைய இரண்டு வகை. ஒன்று தண்ணீரை அடிப்படையாகக் கொண்டது. பார்க்கப் பால்போல் வெள்ளையாக இருக்கும், பூசிய பின் தண்ணீர் காய்ந்து மெல்லிய படலம் மட்டும் நிற்கும். இன்னொன்று சால்வென்ட், அதாவது கரைப்பான் வகை. கண்ணாடிபோல் தெளிவாக, வழவழவென்று, மண்ணெண்ணெய் வாடையோடு இருக்கும். லேபிளில் பெட்ரோலியம் டிஸ்டில்லேட் என்று இருந்தாலோ, தீப்பற்றும் என்பதற்கான சுடர் படம் இருந்தாலோ அது அநேகமாக இந்த இரண்டாவது வகை. வண்டிக்குள் இது வேண்டாம். இந்தக் கரைப்பான்கள் ரப்பரை உப்ப வைக்கும், பிவிசியின் மென்மையாக்கியையும் இழுத்துக்கொண்டு வரும்.

‘சிலிகான் இருந்தாலே டேஷ்போர்டு வெடித்துவிடும்’ என்று ஒரு பேச்சு உண்டு. அது முழு உண்மை இல்லை. சிலிகான் எண்ணெய் தன்னளவில் பெரும்பாலான பிளாஸ்டிக்கோடு வினைபுரியாத சாதுவான பொருள். கெடுதல் செய்வது அதைக் கரைத்து வைத்திருக்கும் சால்வென்ட்தான். ஆனாலும் சிலிகான் அதிகமானால் வழுக்கும், மின்னும், தூசி பிடிக்கும். கண்ணாடியில் பட்டால் லேசில் போகாது.

லேபிள் புரியவில்லையா? வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர் எடுத்து, பாலிஷ் இரண்டு சொட்டு விட்டுக் கலக்குங்கள். தண்ணீர் முழுக்க வெளுத்துக் கலந்துவிட்டால் அது தண்ணீர் வகை. எண்ணெய்த் திட்டுகளாகப் பிரிந்து மேலே மிதந்தால் சால்வென்ட் வகை. அப்புறம் ஒரு சொட்டை விரலில் தேய்த்துக் காய விடுங்கள். காய்ந்த பிறகும் வழவழப்பு நிற்கிறதென்றால் அது உங்கள் டேஷ்போர்டிலும் அப்படியேதான் நிற்கும்.

மேட் பினிஷ், நேச்சுரல் பினிஷ் என்று எழுதியிருப்பதை, அதாவது மின்னாத வகையை, எடுங்கள். ஹை கிளாஸ் (High Gloss), வெட் லுக் என்று மின்னுபவற்றைக் கடையிலேயே வைத்துவிடுங்கள். டயர் பாலிஷை உள்ளே பூசவே கூடாது. சிலர் வீட்டில் இருக்கும் தேங்காயெண்ணெயைத் தடவுகிறார்கள். முதல் நாள் கறுப்பாக அழகாகத்தான் இருக்கும், போகப் போகக் காறல் வாடை அடித்து ஒட்டிக்கொள்ளும்.

தூசியை எடுப்பது

டெல்டாக்காரர்கள் மிகுந்த கவனம் வைக்க வேண்டிய இடம் இது. நெல் உமியில் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள், மிக அதிகம். அந்தத் தூசியின் மேல் துணியை வைத்து அழுத்தித் தேய்த்தால் உப்புத்தாள் போட்ட மாதிரிதான். கியர் பகுதியைச் சுற்றி வரும் பளபளப்பான கறுப்புப் பிளாஸ்டிக், மீட்டர் கண்ணாடி, தொடுதிரை மூன்றிலும் முடிபோல் மெல்லிய கீறல்கள் விழும். வெயில் சாய்வாகப் படும்போது அத்தனையும் தெரியும்.

ஆகவே முதலில் ஈரமே வேண்டாம். மென்மையான பெயின்ட் பிரஷ் ஒன்றை எடுத்து, துவாரங்களிலிருந்து தூசியைத் தட்டிக்கொண்டே வாக்குவம் வையுங்கள். அடுத்ததாக, ஒரு மக் தண்ணீரில் குழந்தைகள் ஷாம்பு சில சொட்டு விட்டு, மைக்ரோபைபர் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து துடையுங்கள். பிறகு வெறும் தண்ணீர்த் துணி, கடைசியாக உலர் துணி. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தால் நகத்தால் சுரண்டாதீர்கள். ஈரத்துணியை அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டு ஊறவிட்டு எடுங்கள். பழைய பாலிஷ் பிசுக்கு இருந்தால் இதே துடைப்பை இரண்டு மூன்று முறை செய்ய வேண்டிவரும்.

தொடுதிரைக்கும் மீட்டர் கண்ணாடிக்கும் இதோடு வேலை முடிந்தது. வீட்டுக் கண்ணாடி துடைக்கும் அம்மோனியா கலந்த திரவத்தை அங்கே அடிக்காதீர்கள், தெளிந்த பிளாஸ்டிக் மங்கிப் போகும்.

பூசுவது

வண்டி நிழலில் நின்று ஆறியிருக்க வேண்டும். முதலில் கிளவ் பாக்ஸின் உட்பக்கம்போல் கண்ணில் படாத ஓர் இடத்தில் கொஞ்சம் பூசி மறுநாள் பாருங்கள். நிறம் மாறவில்லை, ஒட்டவில்லை என்றால் தொடரலாம்.

ஸ்பிரேயை டேஷ்போர்டின் மேல் நேராக அடிக்காதீர்கள். முன்கண்ணாடியின் கீழ் ஓரத்திலும் சுவிட்சுகளுக்குள்ளும் போய்விடும். ஸ்பாஞ்சிலோ துணியிலோ இரண்டு முறை அடித்து, சின்னச் சின்னப் பகுதியாக மெல்லியதாகப் பரப்புங்கள். சில நிமிடம் விட்டு வேறொரு உலர் துணியால் நன்றாகத் துடையுங்கள். அந்தக் கடைசித் துடைப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மீந்த பாலிஷ் அங்கேயே நின்றால் மேட் வகைகூட மின்னும், தூசி பிடிக்கும். துடைத்த பின் புறங்கையால் தடவிப் பாருங்கள், பூசாத பிளாஸ்டிக்போலவே இருக்க வேண்டும்.

பூசவே கூடாத இடங்கள்

ஸ்டீயரிங், கியர் குமிழ், ஹேண்ட்பிரேக், பெடல்கள், ரப்பர் மேட், சீட் பெல்ட். இதில் சமரசமே வேண்டாம். பிரேக்கில் வைத்த கால் வழுக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாட்டர் வாஷுக்கு விடும்போதே ‘அண்ணே, உள்ளே பாலிஷ் வேண்டாம், தூசி மட்டும் எடுத்துக் கொடுங்க’ என்று சொல்லிவிடுங்கள்.

டேஷ்போர்டின் மேல்தளத்தில் மின்னும் பாலிஷ் கூடாது என்பதற்குத் தூசியைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கல்லணையிலிருந்து திருவையாறு வழியாக ஆற்றோரமாகக் கும்பகோணம் வரை ஓட்டிப் பாருங்கள். மரநிழலும் வெயிலும் மாறி மாறி வரும். மின்னும் டேஷ்போர்டு என்றால், நிழலுக்குள் நுழையும் நொடியில் அதன் பிம்பம் முன்கண்ணாடியில் வெள்ளையாக விழுந்து, எதிரே வரும் சைக்கிளையே மறைக்கும். டொயோட்டா தன் கார்க் கையேடுகளில், டேஷ்போர்டில் பாலிஷ் மெழுகு பயன்படுத்தாதீர்கள், கண்ணாடியில் பிரதிபலித்து விபத்தாகலாம் என்று எச்சரிக்கவே செய்கிறது. உங்கள் வண்டிக் கையேட்டின் உட்புறப் பராமரிப்புப் பக்கத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

எப்போதெல்லாம்?

ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை போதும். கத்திரி வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸை நெருங்கும். புற ஊதாக்கதிரில் பெரும்பகுதியை முன்கண்ணாடியே தடுத்துவிடுகிறது, ஆனால் இந்தச் சூட்டை எந்தப் பாலிஷாலும் தடுக்க முடியாது. கையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் பாலிஷை விட்டுவிட்டு முன்கண்ணாடிக்கு ஒரு மடக்குத் திரை வாங்குங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலைமை வேறு. ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை வரும். அதன் மேல் பாலிஷ் போட்டு மறைக்காமல், வெயில் தலைகாட்டும் நாளில் கதவுகளைத் திறந்து போட்டு, மிதியடிகளை வெளியே எடுத்துக் காயவைத்து, சோப்புத் தண்ணீரால் துடைத்து உலர்த்துங்கள். பிவிசி, பிளாஸ்டிக் எல்லாம் முழுக்கக் காய்ந்த பிறகு பாலிஷை எடுத்தால் போதும், அதற்குக் கார்த்திகை கடைசி ஆனாலும் பரவாயில்லை.