ஜப்பானிய முகமன்கள்: வாசற்படியிலிருந்து தொடங்குவோம்

ஜப்பானிய மொழிப் பாடங்கள் பெரும்பாலும் 'கொன்னிசிவ' என்ற பகல்நேர வணக்கத்திலிருந்துதான் தொடங்குகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜப்பானியர்கள் தங்கள் வீட்டாரிடம் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. தமிழ் பேசுகிறவர்களுக்கு அதைவிட நெருக்கமான தொடக்கம் ஒன்று இருக்கிறது. அதற்குமுன் காதைக் கொஞ்சம் பழக்க வேண்டும்.

படி 1: மாத்திரை

ஜப்பானிய மொழியிலும் குறில், நெடில் உண்டு. 'ஒபஸன்' என்றால் அத்தை, சித்தி வயதுப் பெண்மணி. 'ஒபாஸன்' என்றால் பாட்டி. ஆகவே இங்கே எழுதியிருக்கும் குறிலை நீட்டாதீர்கள், நெடிலைக் குறுக்காதீர்கள். ஒரு வேறுபாடு: நமக்கு மெய்யெழுத்து அரை மாத்திரை, அவர்களுக்கு 'ன்' ஒரு முழு மாத்திரை. கொ-ன்-னி-சி-வ என்று தொடையில் ஐந்து முறை தட்டிச் சொல்லிப் பாருங்கள். இதில் 'சி'யைக் 'குச்சி'யில் வருவதுபோல ஒலிக்க வேண்டும்.

படி 2: போய் வருகிறேன்

வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் சொல்வது 'இத்தெகிமஸ்'. 'இத்தெ' என்றால் போய். 'கிமஸ்' என்றால் வருகிறேன். அதேதான்! வினையெச்சம் முன்னே, வினைமுற்று பின்னே; சொல் வரிசைகூட மாறவில்லை. 'போகிறேன்' என்று மட்டும் சொன்னால் நம் வீட்டுப் பெரியவர்கள் திருத்துவார்களே, அந்த மனம் இந்தச் சொல்லிலும் இருக்கிறது. வீட்டில் இருப்பவர் 'இத்தெரஷ்ஷை' என்பார்: போய் வாருங்கள்.

திரும்பி வந்ததும் 'ததைம'. 'இப்போதுதான்' என்பது பொருள். 'வந்தேன்' என்பது சொல்லாமலே விளங்கும். அதற்குப் பதில் 'ஒகஎரி': திரும்பி வந்தவரை வரவேற்கும் சொல். இந்த நான்கையும் ஒரு வாரம் உங்கள் வீட்டு வாசலிலேயே சொல்லிப் பழகுங்கள். அதன்பிறகு அடுத்த படிக்குப் போகலாம்.

படி 3: பொழுதுக்கு ஏற்றவை

காலையில் 'ஒஹயோ கொஸைமஸ்'. ('கொ'வை மென்மையாக, 'தங்கம்' என்பதில் வரும் ககரம்போல ஒலியுங்கள்.) சீக்கிரம் என்று பொருள்படும் 'ஹயை' என்ற சொல்லிலிருந்து பிறந்தது இது. நண்பரிடம் 'ஒஹயோ' மட்டும் போதும். மேலதிகாரியிடம் முழுமையாகச் சொல்ல வேண்டும். நீ, நீங்கள் என்ற வேறுபாட்டை அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பகலில் 'கொன்னிசிவ', மாலை இருட்டியபின் 'கொம்பன்வ'. முன்னதன் பொருள் 'இன்றைய நாளோ...' என்பதுதான். மீதி வாக்கியம் காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது. தூங்கப் போகும்போது 'ஒயஸுமினஸை'. அலுவலகத்திலிருந்து கிளம்பும்போது இதைச் சொல்லாதீர்கள்.

படி 4: விடைபெறுதல்

'ஸயோனர' எல்லாருக்கும் தெரிந்த சொல். ஆனால் நாளை சந்திக்கப்போகும் நண்பரிடம் அதைச் சொன்னால் நீண்ட பிரிவுபோலத் தொனிக்கும். 'ஜா, மத' (சரி, மறுபடி பார்ப்போம்) என்பதே இயல்பு. 'மத'வின் தகரத்தை மட்டும் வல்லோசையாகச் சொல்லுங்கள்.

அலுவலகத்தில் மற்றவர்களுக்கு முன்பே கிளம்புகிறவர் 'ஒஸகி நி ஷிட்ஸுரே ஷிமஸ்' என்கிறார். உங்களுக்கு முன்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்பது அதன் கருத்து. இன்னும் வேலையில் இருப்பவர்களை நினைத்துப் பார்க்கும் இந்த ஒரு வாக்கியத்துக்காகவே எனக்கு இம்மொழி பிடிக்கும்.

படி 5: உடலும் பேச வேண்டும்

கைகூப்ப வேண்டாம். வழியில் எதிர்ப்படுபவருக்குச் சுமார் 15 பாகை குனிந்தால் போதும். வாடிக்கையாளர், மேலதிகாரி என்றால் 30 பாகை. முதுகு நேராக இருக்கட்டும், பார்வையும் உடலோடு தாழட்டும். கடைக்குள் நுழைந்ததும் 'இரஷ்ஷைமஸெ' என்று குரல் கொடுத்து வரவேற்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. லேசாகத் தலையசைத்துவிட்டு உள்ளே போகலாம்.