போஸ்ட்டாக் தேடுகிறீர்களா? மெயிலில் இதைக் கவனியுங்கள்

மெட்டீரியல்ஸ் சயின்ஸிலோ வேதியியலிலோ பிஎச்டி முடிக்கப் போகிறவர்கள், போஸ்ட்டாக் வேலைக்கு, அதாவது பிஎச்டிக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணிக்கு, விளம்பரம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பல இடங்கள் விளம்பரத்துக்கு வருவதற்கு முன்பே நிரம்பிவிடுகின்றன. பிடித்த ஆய்வுக்குழுவின் பேராசிரியருக்கு நேரடியாக எழுதுங்கள்.

எழுதும்போது பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. "எக்ஸ்ஆர்டி, டெம், எக்ஸ்பிஎஸ் தெரியும்" என்று, பொருள்களை ஆராயும் கருவிகளின் பெயர்களை வரிசையாக அடுக்கிவிடுகிறார்கள். சாம்பிளை வேறொரு லேபுக்கு அனுப்பி டேட்டா வாங்கியவரும் இதையேதான் எழுதுவார். எந்தக் கருவியை நீங்களே இயக்கினீர்கள், எந்த டேட்டாவை நீங்களே அலசினீர்கள் என்று பிரித்துச் சொல்லுங்கள். "பவுடர் எக்ஸ்ஆர்டி நானே எடுத்தேன், ரீட்வெல்ட் ரீஃபைன்மென்டும் நானே செய்தேன்" (எக்ஸ்ஆர்டி டேட்டாவிலிருந்து படிக அமைப்பைத் துல்லியமாகக் கணிக்கும் அலசல் அது) என்ற ஒரு வரி, பத்து கருவிப் பெயர்களைவிடக் கனமானது. பேட்டரி வேலை என்றால், காயின் செல்லை (நாணய வடிவச் சிறு பேட்டரி) குளோவ் பாக்ஸில் (காற்றும் ஈரமும் புகாத, கையுறை பொருத்திய பெட்டி) நீங்களே அசெம்பிள் செய்ததைச் சொல்லுங்கள். அப்புறம், அந்தக் குழுவின் அண்மைக் கட்டுரை ஒன்றைக் குறிப்பிட்டு, அதில் உங்கள் கை எங்கே உதவும் என்று இரண்டே வரி.

ஃபெல்லோஷிப்புகளையும் விடாதீர்கள். ஜெர்மனியின் ஹம்போல்ட் ஃபெல்லோஷிப்புக்கு ஆண்டு முழுவதும் விண்ணப்பிக்கலாம். ஐரோப்பாவின் மேரி கியூரி ஃபெல்லோஷிப்பில் மட்டும் ஒரு விதியை முதலிலேயே பாருங்கள்: கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில், போகவிருக்கும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கவோ வேலை பார்த்திருக்கவோ கூடாது. அங்கேயே பிஎச்டி செய்தவர்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பரிந்துரைக் கடிதம் தருபவர்களிடம் ஒரு மாதம் முன்னதாகவே சொல்லிவையுங்கள்.