ஆக்ஸிலரேட்டர் சிக்கிக்கொண்டால்: பிரேக், நியூட்ரல், கடைசியாகத்தான் இன்ஜின்

போன மாதம் நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்துவதற்காக ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்தேன். முந்தியாயிற்று, காலையும் எடுத்துவிட்டேன். வண்டி மட்டும் வேகம் பிடித்துக்கொண்டே போனது. பத்திரமாக ஓரம் கட்டிவிட்டேன். ஆனால் அதற்குள் நான் செய்த ஒரு தப்பை நீங்கள் யாரும் செய்துவிடக் கூடாது.

1. பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்துங்கள்

முழு பலத்தோடு மிதித்து, மிதித்தபடியே இருங்கள். விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. நான் செய்தது அதைத்தான். மூன்றாவது மிதியில் பிரேக் கல் மாதிரி இறுகிவிட்டது. பிரேக்கே போய்விட்டது என்று நினைத்தேன்.

போகவில்லை. நம் மிதியின் பலத்தைப் பெருக்கிக் கொடுப்பது பிரேக் பூஸ்டர். பெரும்பாலான பெட்ரோல் வண்டிகளில் அதற்கு வேண்டிய வெற்றிடம் இன்ஜின் காற்றை இழுக்கும் குழாயிலிருந்து வருகிறது. அந்தக் குழாயில் காற்றை உள்ளே விடும் த்ராட்டில் என்ற அடைப்பு முழுக்கத் திறந்திருந்தால் அங்கே வெற்றிடம் அநேகமாக இருக்காது. பூஸ்டரில் மிச்சம் இருப்பது ஓரிரு மிதிக்குத்தான் தாங்கும். காலை எடுத்து எடுத்து வைத்தால் அதுவும் தீர்ந்துவிடும். இறுகிவிட்டாலும் பயப்படாதீர்கள், பிரேக் வேலை செய்யும். பலம்தான் பல மடங்கு வேண்டும். இரண்டு காலாலும் அழுத்துங்கள்.

2. கூடவே நியூட்ரல்

மேனுவல் என்றால் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள். ஆட்டோமேட்டிக்கில் லீவரை 'டி'யிலிருந்து 'என்'னுக்குத் தள்ளுங்கள். பெரும்பாலான வண்டிகளில் இதற்கு லீவரில் உள்ள பட்டனை அழுத்தத் தேவையில்லை. அழுத்தாமல் தள்ளினால் 'ஆர்' பக்கம் தாண்டிப் போகவும் போகாது.

இன்ஜின் பயங்கரமாக அலறும். அலறட்டும். ஓர் அளவுக்கு மேல் சுற்றாமல் இன்றைய இன்ஜின்கள் தாமே எரிபொருளை வெட்டிக்கொள்ளும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து திரும்ப 'டி'க்குப் போய்விடாதீர்கள்.

3. நியூட்ரல் விழாவிட்டால் மட்டும் இன்ஜினை அணையுங்கள்

சாவி என்றால் ஒரே ஒரு படி பின்னால். கடைசிவரை திருப்பினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளலாம். பட்டன் ஸ்டார்ட் என்றால், ஓடும் வண்டியில் ஒரு தட்டு தட்டினால் பெரும்பாலும் அணையாது. சில நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். எத்தனை நொடி என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் இன்றே பாருங்கள். அணைந்ததும் ஸ்டீயரிங் கனத்துவிடும், இரண்டு கையாலும் பிடியுங்கள்.

ஓரமாக நின்றபின் இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, அபாய விளக்கைப் போடுங்கள். காரணம் தெரியாமல் திரும்ப ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

என் வண்டியில் காரணம் மேட். பழைய மேட்டின் மேலேயே புது ரப்பர் மேட்டைப் போட்டிருந்தேன். அதன் முன் விளிம்பு மேலேறி மிதியைப் பிடித்துக்கொண்டிருந்தது. 2009-ல் டொயோட்டா அமெரிக்காவில் லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்ததும் மேட்டில் மிதி சிக்கும் இதே ஆபத்துக்காகத்தான். என் பரிந்துரை: அந்த மாடலுக்கென்றே செய்த, தரையில் கொக்கியில் மாட்டும் மேட், அதுவும் ஒன்றே ஒன்று. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கும் மேட்டை ஓட்டுநர் பக்கம் போடவே போடாதீர்கள். மாட்டியதும், இன்ஜின் அணைந்திருக்கையில் ஆக்ஸிலரேட்டர் மிதியை அடிவரை அழுத்திவிட்டுக் காலை எடுங்கள். டக்கென்று மேலே வர வேண்டும்.

பின்சேர்க்கை: "குனிந்து கையால் மிதியை இழுக்கலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வேண்டவே வேண்டாம், கண் சாலையை விட்டுப் போய்விடும். இன்னொருவர் வண்டியில் லீவருக்குப் பதிலாகத் திருகும் குமிழ். அந்த மாதிரி சில வண்டிகளில் 'என்'னில் ஓரிரு நொடி பிடித்திருந்தால்தான் நியூட்ரல் விழும். ஆளில்லாத திடலில் மெதுவாக ஓட்டிக்கொண்டே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.