எளிமையே வினையாகும்போது: வேலைவாய்ப்புத் தளங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலை தேடுவோர் இணைய வேலைவாய்ப்புத் தளங்களை ஏன் நாடுகின்றனர் என்று ஆராய்வோர் பலர், 1989-இல் ஆய்வாளர் ஃபிரெட் டேவிஸ் முன்வைத்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரியைத் துணைக்கொள்கின்றனர். ஒரு கருவி பயன்படும் என்ற எண்ணமும், அதைக் கையாள்வது எளிது என்ற எண்ணமுமே அதை ஏற்கச் செய்கின்றன என்பது அதன் சாரம். இரண்டுமே எண்ணங்கள் என்பதை மறந்துவிடுவதால்தான் பல தவறுகள் நேர்கின்றன.

அவற்றுள் பெரியது, எளிது என்பதற்காகவே கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் விண்ணப்பிப்பது. ஒரே சொடுக்கில் விண்ணப்பிக்கும் வசதி மற்றவர்களுக்கும் இருப்பதால் ஒவ்வொரு பணியிடத்துக்கும் விண்ணப்பங்கள் குவிகின்றன. அவற்றைச் சமாளிக்க நிறுவனங்கள் மென்பொருளை நாடுகின்றன. அம்மென்பொருள் ரெஸ்யூமேயிலிருந்து பதவி, பணிக்காலம், திறன்கள் ஆகியவற்றைப் பிரித்தெடுத்துச் சேமிக்க, தேர்வு அலுவலர் தமக்கு வேண்டிய சொற்களை இட்டு அதில் தேடுகிறார். அட்டவணைகளும் படங்களும் நிறைந்த அழகிய வடிவமைப்பு அங்கே தாறுமாறாகப் படிக்கப்படக்கூடும். எனவே எளிய வடிவில், அறிவிப்பில் உள்ள சொற்களிலேயே, உண்மையாகத் தமக்குள்ள திறன்களைக் குறிப்பிடுவது நல்லது. இல்லாத திறன்களையும் அள்ளித் திணித்தால் நேர்காணலின் முதல் கேள்வியிலேயே குட்டு வெளிப்படும்.

பட்டியலின் நீளத்தைக் கண்டு வாய்ப்புகள் ஏராளம் என்று மதிப்பிடுவதும் பிழையே. ஒரே பணியிடத்தை நிறுவனமும் இடைத்தரகு முகமைகளும் தனித்தனியே பதிவிடுவதுண்டு. ஆள் எடுத்து முடித்த பின்னும் நீக்கப்படாத அறிவிப்புகளும் உண்டு. பதிவிட்ட தேதியைப் பார்த்து, நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலும் அவ்வறிவிப்பு உள்ளதா என்று உறுதி செய்துகொண்ட பிறகு விண்ணப்பிப்பதே முறை.

இத்தளங்கள் பெரும்பாலும் இலவசம் என்பதும் ஓர் ஈர்ப்புதான். ஆள் தேடும் நிறுவனங்கள் கட்டணம் செலுத்துவதால்தான் அது சாத்தியமாகிறது. ஆகவே முன்பணம், பயிற்சிக் கட்டணம், ஓடிபி என்று எதைக் கேட்டாலும், கேட்பவர் எவ்வளவு பெரிய நிறுவனத்தின் பெயரைச் சொன்னாலும், தொடர்பை அங்கேயே துண்டித்துவிட வேண்டும். தற்போது வேலையில் இருப்பவர்கள், தங்கள் நிறுவனத்தின் கண்ணில் படாதவாறு சுயவிவரத்தை மறைக்கும் வசதி தளத்தில் உள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

யாரிடமும் உதவி கேட்காமலே தேடலாம் என்ற நிம்மதி, இத்தளங்களை நாட இன்னொரு காரணம். கூச்சம் மிகுந்தோருக்கு அது வரம்தான். ஆனால், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றோரில் பெரும்பாலோர் அந்த நபரை எப்போதாவது மட்டுமே சந்தித்தவர்கள் என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். சற்றுத் தொலைவில் இருப்பவரிடமிருந்தே புதிய செய்தி கிடைக்கிறது. தளத்தில் விண்ணப்பித்த கையோடு, அந்நிறுவனத்தில் பணியாற்றும் முன்னாள் சக ஊழியர் ஒருவருக்குச் சுருக்கமாக எழுதி, பரிந்துரைக்க இயலுமா என்று கேட்பதில் தவறேதுமில்லை.